வெள்ளையாய் விட்ட ஊர்

போசோ கிராண்டே,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள தம்பி ரூஃபினோவுக்கு,

அக்கா செலோ எழுதுகிறேன். அலாஸ்காக் குளிரில் விறைத்துப் போகாமல் நீ சுகமாக இருக்க வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தை என்ன செய்வாய், மீனுக்குப் போடுவாயா? உட்கார்ந்து முழுக்கப் படி. எனக்கு வயிறு பற்றி எரிகிறது, யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் செபியோவுக்கு ரத்தப் புற்றுநோய். கோடையில் லெட்டூஸ் வயலில் மயங்கி விழுந்தபோது வெயில் என்றுதான் நினைத்தோம். மருந்தில் அடங்கிய மாதிரி இருந்து, மறுபடியும் வந்துவிட்டது. இனி வேறொருவரின் எலும்பு மஜ்ஜை கிடைத்தால்தான் பிழைப்பான், அதுவும் குளிர்காலத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்த வகை ஒத்துப்போனால் போதாதாம், வம்சமும் ஒத்துப்போக வேண்டுமாம். அப்பா பிலிப்பினோ, அம்மா மெக்ஸிகோக்காரி என்றதும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அப்படிப்பட்ட கலப்பில் மஜ்ஜை தரப் பதிந்தவர்கள் அபூர்வமாம். "அபூர்வமா? காலையில எங்க ஊர் பேக்கரி வாசல்ல வந்து நில்லுங்க டாக்டர், ரொட்டி வாங்க வர்றதுல பாதிப்பேரு அந்தக் கலப்புதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் கவுண்டி நிர்வாகத்தின் சுகாதாரத் துறை ஒரு வேன் விடப்போவது தெரிந்தது. கலப்பு ஆசியர்கள் வாழும் ஊர்களுக்கு அது நேரே போய், மஜ்ஜை தர விரும்புகிறவர்களைப் பதிந்துகொள்ளுமாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மகிழ்ந்தேன். அந்த வேன் எந்தெந்த ஊருக்குப் போகிறது தெரியுமா? வெஸ்ட் ஹார்பருக்கும் மில்ஃபோர்ட் ஹைட்ஸுக்கும். இரண்டும் வடக்கே இருக்கும் பணக்கார ஊர்கள். நம் ஊருக்கு இல்லை.

அதைப் பற்றி விளக்கம் சொல்ல நம் ஊர்ப் பள்ளிக்கூட அரங்கில் ஒரு கூட்டம் போட்டார்கள். நான் பஸ் ஓட்டி முடித்து, சீருடையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சுவரில் கவுண்டி முழுவதையும் வரைபடமாகக் காட்டினார்கள். கலப்பு ஆசியர் நிறைய இருக்கும் நகரம் கருஞ்சிவப்பு, கொஞ்சம் இருந்தால் இளஞ்சிவப்பு. நம் ஊரை வெள்ளையாக விட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுந்து, எங்கள் ஊருக்கு ஏன் வேன் இல்லை என்று கேட்டேன். ஹால்வர்சன் என்று ஓர் அதிகாரி, நல்ல பெண்தான், குரலை உயர்த்தாமல் பேசுகிறாள். "உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா ஆள் இருக்கற எடத்துக்குத்தானே வண்டிய அனுப்ப முடியும்? கணக்கெடுப்புல உங்க ஊர்ல கலப்பு ஆசியர் இல்லவே இல்லைன்னுதான் வருது" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் ஓர் ஊரையே மறைத்துவிட்டார்கள்.

"அப்ப நான் யாரும்மா, பேயா?" என்று கேட்டுவிட்டு, அரங்கைப் பார்த்துத் திரும்பினேன். "ரெண்டு ரத்தமும் உள்ளவங்கல்லாம் எந்திரிங்க, இந்தம்மா கண்ணால பாக்கட்டும்" என்றேன்.

ஒருவரும் எழவில்லை, ரூஃபினோ. டாபியோஸ் சகோதரர்கள் தரையைப் பார்த்தார்கள். லூப்பே கபானில்லா கைப்பையில் எதையோ தேடினாள். எனக்கு வந்த கோபத்தில் அதிகாரியை மறந்துவிட்டேன். ஒரு தப்பும் செய்யாதவள் மாதிரி நின்ற அந்தப் பெண் சொன்னது, அவள் கையில் இருந்த கணக்குப்படி உண்மைதான். அந்தக் கணக்கைக் கொடுத்தது நாம்தானே.

நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண் பிள்ளை அப்பாவோடு பிலிப்பினோ மன்றத்துக்குப் போவான், பெண் பிள்ளை அம்மாவோடு மெக்ஸிகோக்காரர்களின் குவாடலூப்பே மாதா சங்கத்துக்குப் போவாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தாலும் அதே பிரிவுதான். ஒரே வீட்டில், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு இனக் கட்டத்தில் குறி போடுவார்கள். இரண்டிலும் போட்டவன் ஒருத்தனும் கிடையாது. "ரெண்டுலயும் காலை வெச்சா ரெண்டு பக்கத்துக்காரனும் வெளியில நிக்க வெச்சுடுவான்" என்று அப்பா சொல்வார். அவர் பட்ட அவமானத்துக்கு அவர் அப்படிச் சொன்னது சரி. நமக்கு என்ன கேடு? தலைமுறை தலைமுறையாக நம்மை நாமே பாதியாக வெட்டிக் கொடுத்துவிட்டு, வரைபடத்தில் காணோமே என்று கத்தினால் யார் தேடித் தருவார்கள்?

இதைத்தான் அங்கே கத்தினேன், இன்னும் கொஞ்சம் மோசமான வார்த்தைகளில். கடைசியில் முடிவெட்டும் ஃபிலிபெர்ட்டோதான் முதலில் எழுந்தார். "என் மூக்கு எங்கம்மாவோடது, முழி எங்கப்பாவோடது. செலோ திட்டறத நிறுத்தினா, ரெண்டையும் கொண்டுபோய்க் காட்டறேன்" என்றார். அரங்கம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள், கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் குறைவு. ஹால்வர்சனின் முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் இந்த முறை ஊர்கள் முடிவாகிவிட்டனவாம், அடுத்த வசந்தத்தில் கட்டாயம் பார்ப்பாளாம். அடுத்த வசந்தம்! என் தம்பியின் படத்துக்கு மாலை போட வருவாளா?

வேன் வராவிட்டால் நாம் வேனிடம் போவோம் என்று, இந்த மாத முதல் சனிக்கிழமை ஊரே லாரியிலும் பிக்கப்பிலும் ஏறி வெஸ்ட் ஹார்பருக்குப் போனோம். வயல் சேற்றுப் பூட்ஸோடு வரிசையில் நின்றோம். அங்கிருந்த காபிக்கடைக்காரன் ஏதோ போராட்டம் என்று பயந்து ஷட்டரை இறக்கினான். வயது மீறியவர்களைத் திருப்பி அனுப்பினார்கள், அதற்காக வேன்காரர்களிடமும் நான் சண்டை போட்டேன். நேற்று முன்தினம் முடிவு வந்தது. செபியோவுக்கு ஒருவரும் பொருந்தவில்லை. உடன்பிறந்தவள் என்று மருத்துவமனையில் என்னைத்தான் முதலில் சோதித்திருந்தார்கள். நானும் பொருந்தவில்லை.

"வேற கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். செபியோ முந்திக்கொண்டு, "இல்ல" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், நோயாளி என்றுகூடப் பார்க்காமல் அறைந்திருப்பேன். வெளியே வந்து, "உசுரு போனாலும் அவன்கிட்ட கேக்க மாட்டேன். நீயும் கேட்டுறாத" என்றான். அவன் கை சுள்ளியாகிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவின் அடக்கத்தன்று அவன் உன்னைச் சொன்னது நான் மறக்கவில்லை. நீ அப்பாவின் குடும்பப் பெயரை விட்டு அம்மாவின் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டதற்காக, "அப்பன அழிச்சவன் நீ, அவரு பொட்டிக்குத் தோள் கொடுக்க வராத" என்று கல்லறை வாசலில் எல்லார் முன்னாலும் உன்னைத் தள்ளினான். பாவி செய்தது பாவம்தான். நீ ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வண்டி ஏறினாய். அவனாவது யோக்கியனா? ஆயுசு முழுக்கப் பிலிப்பினோ என்ற ஒரே கட்டத்தில் குறி போட்டு அம்மாவை அவன் அழித்தான். நீ அப்பாவை அழித்தாய். உங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்க அப்பா அம்மா இரண்டு பேருமே உயிரோடு இல்லை, அதனால் நான் கேட்கிறேன்.

டாக்டரிடம் தனியாகப் போய், "இன்னொருத்தன் இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொடுத்த சிறிய பொட்டலத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சி இருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்து, அதே பொட்டலத்தில் போட்டு அனுப்பினால் போதும். தபால்தலை ஒட்டியிருக்கிறது. செபியோவுக்கு இது தெரியாது, தெரிந்தால் என்னோடும் பேசமாட்டான். பேசாமல் போகட்டும், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

அவனை மன்னி என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடலில் போகும்போது கவனமாக இரு, வேளைக்குச் சாப்பிடு. அப்பா அம்மா இருவரின் ஆசியும் உன்னைக் காக்கும். எங்களோடு பேச நீ வாயைத் திறக்க வேண்டாம், தம்பி. இந்தக் குச்சிக்காக ஒரு நிமிடம் திற.

உன் அக்கா செலோ,
கொன்சுவேலோ அக்பயானி அர்ரியோலா
(அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டையும் போட்டுத்தான் இனி கையெழுத்து.)