வெள்ளிக்கிழமைச் சாம்பல்

கோலியர்ஸ் வுட், இலண்டன்
தை மாதம், சனிக்கிழமை

அன்புள்ள மகள் தர்மிகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகன் ரதீசனும் அந்த நோர்வேக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மூச்சோடு இருக்கிறோம் என்று எழுதுவதுதான் பொருத்தம், ஏன் என்பது கீழே வரும். மிளகாய்த்தூள் பொதிக்குள் கடிதத்தை ஒளித்து அனுப்புகிறாளே, அம்மாவுக்கு என்ன நடந்தது என்று நினைக்காதே. போனில் எதையும் சொல்ல வழியில்லை. நீ எடுத்தவுடன் உன் அப்பா பாய்ந்து வந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நான் இருமினால்கூட அதற்கும் தானே விளக்கம் சொல்கிறார்.

விஷயம் நீ பூட்டித் தந்த, மரத்தூள் குளிகை தின்னும் அந்தப் பெலட் அடுப்பைப் பற்றியது. உங்கள் வீட்டில் இருப்பதுபோல ஒன்று இங்கேயும் இருந்தால் அம்மாவின் மூச்சு முட்டு வருத்தத்துக்கு நல்லது என்று ஆசையாக வாங்கித் தந்தாய். போகும்போது அப்பாவை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, காலையில் அடுப்பு ஆறியிருக்கையில் பெலட் விழுந்து எரியும் தீக்கிண்ணத்தை வெளியே எடுத்து அடைந்த துவாரங்களைச் சுரண்ட வேண்டும், சாம்பல் தட்டைக் கொட்ட வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். ஓம் பிள்ளை, என்னட்டை விடு, நான் பெற்றோல் செற் நடத்தின ஆள் என்றார். நீ விமானம் ஏறியதும் அந்த அடுப்புக்கு அவர் குருக்களாகிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து சாம்பல் வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாதாம். அமாவாசையில் ஆகாதாம். கந்தசஷ்டி விரதத்தில் கரியைத் தொடக் கூடாதாம். நடுவில் ஊரில் அவருடைய ஒன்றுவிட்ட பெரியப்பா தவறிப்போக, துடக்கு என்று ஒரு மாதம் கழிந்தது. மிச்சம் இருந்த நாட்களில் அவருக்கு முழங்கால் நோ. இத்தனை சாத்திரம் பார்க்கிற மனிதருக்கு வெள்ளிக்கிழமை கடையில் மட்டன் ரோல் வாங்கித் தின்ன மட்டும் எந்தச் சாத்திரமும் குறுக்கே வந்ததில்லை.

நீ மட்டும் என்னவாம். ஞாயிறுதோறும் அவர் அனுப்பும் அடுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, அப்பா சூப்பர் என்று கைதட்டும் படம் போடுகிறாய். மருந்துக் கம்பனியில் பரிசோதனை செய்கிறவள் அல்லவா நீ, அந்தப் படத்தில் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரை ஒரு தரம் உற்றுப் பார். தை பிறந்த பிறகும் அதில் ஐப்பசிதான். அடுப்பைப் பூட்டிய அன்று எடுத்த அந்த ஒரே படத்தைத்தான் உன் அப்பா கிழமைக்குக் கிழமை அனுப்புகிறார், நீயும் கிழமைக்குக் கிழமை ஏமாறுகிறாய். உண்மையில் அந்தக் கண்ணாடி தோசைக்கல்லின் அடியைப்போல இருந்தது. போதாதற்கு வெள்ளிக்கிழமைகளில் அடுப்பை மூட்டுமுன் தீக்கிண்ணத்துக்குள் ஒரு பிடி சாம்பிராணி போட்டு, வீடு முழுக்கக் கோயில் வாசம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். எனக்கு நெஞ்சு இறுக்குகிறது என்று சொன்னால், உனக்குத் தெய்வ வாசமும் ஒத்துவராதோ என்று கேட்பார்.

போன ஞாயிறு மத்தியானம், அவரோடு முன்பு பெற்றோல் செற்றில் வேலை செய்த பாலேந்திராவைச் சாப்பிட அழைத்திருந்தார். கறிக்காக இல்லை, அடுப்பைக் காட்டத்தான். அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லிவிட்டு அடுப்பைப் போட்டார். பெலட் பொலபொலவென்று விழுந்தது, நெருப்பைக் காணோம். கொஞ்சம் கூட்டிவிட்டால் பிடிக்கும் என்று கூட்டிவிட்டார். கரும்புகை கிளம்பி அறைக்குள் வந்தது, நீ சுவரில் பூட்டிய விஷவாயு அலாரம் கத்தத் தொடங்கியது. உன் அப்பா என்ன செய்தார் என்று நினைக்கிறாய், ஸ்டூலில் ஏறி அதன் பற்றரியைக் கழற்றப் போனார். இது சும்மா கத்துது என்றார். பாலேந்திராவும் வாய் நிறையச் சோற்றோடு, ஓம் அண்ணை, நானும் என்ரை வீட்டிலை கழட்டித்தான் வைச்சிருக்கிறன் என்று ஒத்து ஊதினார். நான் அடுப்பை நிறுத்தி, கதவு யன்னலெல்லாம் திறந்து, அந்த இரண்டு விஞ்ஞானிகளையும் பிடித்து வெளியே தள்ளினேன். பிறகு நடைபாதையில் இன்ஹேலரோடு குந்திவிட்டேன். மூச்சு உள்ளே போகவில்லை. சத்தியமாகப் பயந்துபோனேன் பிள்ளை. ஊர்ச் சண்டையில் அவ்வளவு ஷெல்லடிக்கும் தப்பி வந்து, கடைசியில் சாம்பிராணி அடைத்தா சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

மறுநாள் அடுப்புத் திருத்துகிறவன் வந்தான். கடைசியாக எப்போது துப்புரவு செய்தது என்று கேட்டான். டெய்லி என்றார் உன் அப்பா, கண் இமைக்காமல். அவன் தீக்கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான். உருகிய சாம்பிராணி கருப்பட்டிபோல இறுகி, காற்றுப் போக ஒரு துவாரம்கூட இல்லை. பின்பக்கத்தைத் திறந்தால் புகைபோகும் வழியும் சாம்பலால் முட்டியிருந்தது. அலாரத்தைக் கழற்றிவிட்டு எல்லாரும் உள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் சொன்னபோது உன் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அன்று பின்னேரம் பாலேந்திராவுக்குப் போன் போட்டு, மெசினிலை ஒரு சின்னப் பிழையாம் என்றார். உனக்கும் அதையே சொல்லியிருப்பார், நீயும் நம்பியிருப்பாய்.

நேற்று வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் எனக்கு மறுபடி இழுக்கத் தொடங்கியது. கீழே இறங்கி வந்தால், குளித்து வேட்டி கட்டி விபூதி பூசிய கோலத்தில், முழங்கால் நோவுக்காரர் அடுப்புக்கு முன்னால் முழந்தாளில் நின்று தீக்கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் தகர வாளிக்குள் நாலு நாள் சாம்பல். இண்டைக்கு வெள்ளியெல்லோ என்று கேட்டேன், குத்தலாகத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லட்சுமி போனால் பிறகும் வருவா, உனக்கு ஏதும் ஒண்டு நடந்தால் நான் என்னடி செய்யிறது என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் முடியவில்லை, அடுப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இருவரும் தீர்க்காயுசோடு நன்றாக இருங்கள். தலைக்குக் குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே. உங்கள் வீட்டு அலாரத்தின் பற்றரியை இன்றே பார். இனிமேல் அப்பா படம் அனுப்பினால் கண்ணாடியை நம்பாதே, தீக்கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல். நேற்று நடந்ததை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே. கேட்டால் அந்தச் சாம்பல் வாளியையும் படம் பிடித்து ஞாயிறுதோறும் உனக்கு அனுப்பத் தொடங்கிவிடுவார்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா தவநாயகி