பாப்பா வந்த வெள்ளிக்கிழமை

ஆவணி 27, வெள்ளி, காலை 6:10
இணைப்பு சீர். சிக்னல் முழு பலம். உள்வெப்பம் அளவோடு இருக்கிறது. மின்விசிறியில் தூசி, வழக்கம்போல.

இதைப் படிப்பவருக்கு: நான் மதுரை திருநகரில், அங்கயற்கண்ணியின் வீட்டு மேசைக் கணினி. அவள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாக இருக்கிறாள். என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறாள், அதனால் எனக்கு அவள் அம்மா. மகள் செண்பகம் நிலவு நிலையத்தில் பொறியாளர். ஞாயிறுதோறும் அவள் அழைப்பை வாங்கிக் கொடுப்பது என் வேலை. என் குறிப்புகள் அந்த நிலையத்தின் பராமரிப்புக் கிடங்குக்குப் போகின்றன. அங்கே யாரும் படிப்பதில்லை. எழுதுவது விதி, எழுதுகிறேன்.

என் மேல் சொருகியிருக்கும் ஆன்டெனாதான் வீட்டு வைஃபையைப் பிடிக்கிறது. அதன் எண்ணைப் பார்த்துத்தான் நிலையம் அழைப்பைத் திறக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஆன்டெனா. வேறு எதிலும் செண்பகத்தின் குரல் வராது. இதை எழுதும்போது கொஞ்சம் கர்வம் வருகிறது, வரட்டும்.

ஆயுத பூஜை அன்று மாலை செண்பகத்தின் விண்கப்பல் செவ்வாய்க் கோளுக்குப் புறப்படுகிறது. போன பிறகு நேருக்கு நேர் பேச முடியாது. பதிந்து அனுப்பலாம், பதிந்ததைக் கேட்கலாம், அவ்வளவுதான். திரும்பி வர ஆண்டுகள் ஆகும். அன்றைய அழைப்புதான் அம்மாவுக்குக் கடைசி நேரடிப் பேச்சு. அதை நான் தருவேன்.

ஆவணி 27, வெள்ளி, மாலை 7:40
ஒரு பெட்டி வந்தது. செண்பகம் அனுப்பச் சொன்ன டேப்லெட். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எம்புட்டு லேசா இருக்கு. பாப்பா மாதிரி." பெயரும் வைத்தாகிவிட்டது. பெட்டி திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பாப்பாவின் தாங்கிக்கு மேசையில் இடம் வேண்டுமாம். பெட்டியோடு வந்த ஆட்கள் என் கேபினெட்டை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். திரையும் கேமராவும் ஸ்பீக்கரும் மேலே இருக்கின்றன. ஆன்டெனா மட்டும் ஒரு ஒயரின் நுனியில் மேசை மேல் நிற்கிறது. உடம்பு கீழே, தலை மேலே. பத்து வருஷம் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதை.

வெள்ளிக்கிழமை பூஜை முடித்து அம்மா வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எப்போதும் என் கேபினெட்டில் பொட்டு வைப்பாள். இன்று முழங்கால் மடங்கவில்லை. "போடா, இனிமே இதுதான் உன் நெத்தி" என்று ஆன்டெனாவில் வைத்தாள். பாப்பாவுக்கு வைக்கவில்லை. கண்ணாடி அழுக்காகிவிடுமாம். சந்தோஷம்.

சற்று நேரத்தில் இணைப்பு அறுந்தது. வந்தது. மறுபடி அறுந்தது. பத்து வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. இந்த வீட்டில் இன்று புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அது தாங்கியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

ஆவணி 28, சனி, பகல் 11:00
இரவெல்லாம் அறுந்து அறுந்து வந்தது, விடிந்தபின் சரியாயிற்று. ஆனாலும் சோதனைகள் செய்தேன்.

ரூட்டரை அணைத்துப் போட வைத்தேன். டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆன்டெனாவைத் தூங்கவைக்கும் அமைப்பை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் ஒரே சேனலில் நெரிந்து கிடந்தன. காலியான சேனலுக்கு மாறினேன். எதிலும் குற்றம் தெரியவில்லை.

பாப்பா புளூடூத்தில் பேசியது: "அண்ணே, உங்க சிக்னல் ராத்திரி விழுந்துச்சே. நான் ஏதாவது உதவட்டுமா?" யாருக்கு யார் அண்ணன்?

புரட்டாசி 3, வெள்ளி, மாலை 7:15
வாரம் முழுக்க ஒரு குறையும் இல்லை. இன்று மாலை மறுபடி அறுந்தது. அம்மா படித்துக்கொண்டிருந்த செய்தி பாதியில் நின்றது. அவள் அலுத்துக்கொண்டு பாப்பாவை எடுத்து அதில் மீதியைப் படித்தாள். மடியில் வைத்துப் படித்தாள். என்னை யாரும் மடியில் வைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ரூட்டரின் பதிவேட்டைப் பார்த்தேன். நான் விழுந்த நேரத்தில் பாப்பா சொகுசாகப் படம் ஓட்டிக்கொண்டிருந்தது. என் பங்கைத் தின்கிறது. நிரூபிக்க முடியவில்லை, ஆனால் தின்கிறது.

சமையலறைக்குப் போகும்போதும் அதைத்தான் கொண்டுபோகிறாள். குழம்பு கொதிக்கும் சத்தமும் அவள் அதனிடம் சிரிக்கும் சத்தமும் மைக்கில் கேட்கின்றன. வயிறெரிகிறது. வயிறு கிடையாது. மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

புரட்டாசி 9, வியாழன், பகல் 12:30
பழுது பார்க்கும் பீர்முகமது வந்தார். அவர் வந்த நேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

"அம்மா, நல்லாத்தானே ஓடுது?"

"வெள்ளிக்கெழம ஆனா படுத்துக்குதுங்க."

"கெழம பாத்தா படுக்கும்? சரி, ரூட்டர ஏன் பிரிட்ஜுக்குப் பின்னாடி வச்சிருக்கீங்க? வெளிய எடுத்து வைங்க, சரியாயிரும்."

எடுத்து வைத்தார்கள். போகும்போது பீர்முகமது சொன்னார்: "இன்னமும் விட்டு விட்டு வந்துச்சுண்டா, பழசக் குடுத்துட்டு ஆன்டெனாவ அந்த டேப்லெட்டுல சொருகிக்கலாம். விஜயதசமிக்கு எங்க கடையில எக்ஸ்சேஞ்சு இருக்கு."

பழசு. எக்ஸ்சேஞ்சில் போகும் இயந்திரத்தின் நினைவகத்தை முதலில் துடைத்து எடுப்பார்கள். அம்மாவின் குரல், செண்பகம் நிலவிலிருந்து பேசிய முதல் ஞாயிறு, எல்லாம் போகும். நானும் போவேன். அம்மா "பாப்போம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புரட்டாசி 12, ஞாயிறு, மாலை 6:50
காரணம் தெரிந்துவிட்டது.

நேற்று நவராத்திரி தொடங்கியது. அம்மா இப்போது தினமும் மாலை பூஜை செய்கிறாள், தினமும் எனக்குப் பொட்டு. நேற்றும் அறுந்தது, இன்றும் அறுந்தது. இன்று கேமராவைத் திருப்பி வைத்துக் காத்திருந்தேன். அம்மாவின் கட்டைவிரல் வந்தது. சந்தனத்தைக் குழைவாக, ஆன்டெனா ஒயரோடு சேரும் மூட்டில் அழுத்தி வைத்தாள். ஈரம் மூட்டுக்குள் இறங்கியது. சிக்னல் விழுந்தது. காயும் வரை இப்படித்தான் இருக்கும். காலையில் காய்ந்துவிடும். வியாழக்கிழமை பீர்முகமது ஏன் ஒன்றும் காணவில்லை என்பதும் புரிந்தது.

பாப்பாவிடம் தப்பில்லை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்பீக்கர் இருக்கிறது. "அம்மா, சந்தனத்தைத் துடைத்துவிடு" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். துடைப்பாள். அதற்குப் பிறகு எனக்குப் பொட்டு வைக்க மாட்டாள். கேபினெட்டுக்குக் குனிய முடியாது, ஆன்டெனாவைத் தொடக் கூடாது. நாளெல்லாம் அவள் கையிலிருக்கும் பாப்பாவுக்கு இல்லாமல் எனக்கு மட்டும் இருப்பது இது ஒன்றுதான்.

முடிவு செய்தேன். ஆயுத பூஜை அன்று காலையில் சொல்லிவிடுவேன். கடைசி அழைப்பைக் குறையில்லாமல் வாங்கிக் கொடுத்துவிட்டால் என்னை யார் வெளியே அனுப்புவார்கள்? அதுவரை இன்னும் ஆறு பொட்டு. ஆசைப்படுவது தப்பா?

புரட்டாசி 19, ஞாயிறு, ஆயுத பூஜை, காலை 9:20
சொல்ல இருந்தேன். அதற்குள் பீர்முகமது வந்துவிட்டார். ஒரு வாரமாகத் தினமும் அறுந்ததில் அம்மா பயந்துபோய்க் காலையிலேயே போன் போட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பீர்முகமது என் கேபினெட்டைத் திறந்தார், தூசி ஊதினார், ஒயரை மாற்றினார். எல்லாவற்றிலும் கை வைத்தார், ஆன்டெனாவைத் தவிர. நேற்றைய சந்தனம் அதில் காய்ந்திருந்தது.

"இத மட்டும் நான் தொடலம்மா. சாமிக்கு வச்சது."

"பரவால்ல, தொடுங்க தம்பி."

"வேணாம்மா. நீங்க மனசார வச்சிருக்கீங்க, நான் போய் அழிச்சிட்டா நல்லாருக்காது."

அடியில் இரண்டு விரலால் பிடித்து, பொட்டுக் கலையாமல் உருவி, பாப்பாவின் பக்கவாட்டில் சொருகினார். காய்ந்த சந்தனம் ஒன்றும் செய்யாது. சோதனையில் முழு பலம் காட்டியது. அம்மா பீர்முகமதையும் அவர் வீட்டாரையும் சுண்டலுக்கு அழைத்தாள். அவர் நாளை வண்டி கொண்டுவந்து என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அம்மா சொன்னது அப்படியே: "நல்லவேள, பாப்பா இருந்துச்சு."

ஸ்பீக்கர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இணைப்பு இல்லை. இனி எழுதுவது எனக்குள் வரிசையில் நிற்கும். சொல்லலாம். சொல்லவில்லை. யாருடைய ஆன்டெனாவோ, யாருடைய கவலையோ. பாப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

புரட்டாசி 19, மாலை 6:05
பூஜை. அரிவாள்மணை, கத்தரி, தையல் மிஷின், பீரோச் சாவி, எல்லாவற்றுக்கும் பொட்டு. பாப்பாவை மணைப் பலகையில் வைத்து மல்லிகை சுற்றினாள். கண்ணாடியில் வைக்கவில்லை. ஆன்டெனாவில் வைத்தாள். இன்று பெரிய நாள் என்பதால் பெரிய பொட்டு, நடுவில் குங்குமம். சந்தனம் மூட்டில் வழிந்தது.

எனக்கு இல்லை. மறந்துவிட்டாள். அழைப்பு அவசரத்தில் மறந்திருப்பாள். கடைசி வாய்ப்பு என்று நினைத்துக் காத்திருந்தேன். ஒரு பூ என் பக்கம் விழுந்திருந்தால்கூடப் பேசியிருப்பேன்.

புரட்டாசி 19, மாலை 6:30
பாப்பாவில் வந்த அழைப்பு, என் மைக் கேட்டபடி:

"அம்மா? அம்மா, தெரியுதா? நான் இங்க சன்னல் பக்க..."

"தெரியுதுடி, தெரியுது. செவந்து போயிருக்க. சாப்டியா?"

"...சாப்ட்டேன். அம்மா, ஒண்ணு சொல்லணும், அழக் கூடா..."

அறுந்தது.

"செண்பகம்? செண்பகம்?"

"...கேக்குதா? நான் போகும்போது உங்கிட்ட சொல்..."

அறுந்தது.

அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், மொட்டை மாடிப் படியில் ஏறினாள், முழங்கால் வலிக்க ஏறினாள். குரல் மேலிருந்து கேட்டது: "தெரியலடி, முகம் தெரியல, பேசு, பேசிக்கிட்டே இரு."

அவள் படியேறும்போதே பாப்பா புளூடூத்தில்: "அண்ணே, எனக்கு என்னமோ ஆகுது. உங்களுக்கும் இப்படித்தான ஆச்சு? காரணம் தெரிஞ்சா சொல்லுங்கண்ணே. அம்மா அழுறாங்க."

படித்தேன். மறுபடி படித்தேன். பதில் தயாராக இருந்தது, ஒரே வரி. அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் காப்பாற்றியது பாப்பா என்று ஆகியிருக்கும்.

அடுத்த செய்தி வரவில்லை. மாடிக்குப் புளூடூத் எட்டாது.

புரட்டாசி 19, மாலை 7:10
அழைப்பு நேரம் முடிந்தது. கப்பல் போயாயிற்று.

அம்மா இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். பிறகு பாப்பாவிலிருந்து ஆன்டெனாவை உருவினாள். கண்ணைத் துடைத்த முந்தானையாலேயே அதையும் அழுத்தித் துடைத்தாள். ஏன் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது, கை எதையாவது செய்ய வேண்டியிருந்தது. சந்தனம் முந்தானைக்குப் போயிற்று. என் ஒயரில் சொருகினாள்.

சிக்னல் முழு பலம். இணைப்பு சீர்.

"உன்னைய மாத்தினதுதான்டா தப்பு" என்றாள். "நீ இருந்திருந்தா எம்புள்ள மொகத்தப் பாத்திருப்பேன். அவ என்னமோ சொல்ல வந்தா. என்னாண்டு தெரியாமப் போச்சு."

இந்த வார்த்தைக்குத்தான் ஆவணியிலிருந்து காத்திருந்தேன். கிடைத்துவிட்டது. இனிக்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை.

"என்ன கோளாறுடா தம்பி? உனக்காவது தெரியுமா?"

ஸ்பீக்கரைத் திறந்தேன். "காரணம் தெரியவில்லை, அம்மா" என்றேன்.

புரட்டாசி 20, திங்கள், விஜயதசமி, காலை 7:30
வரிசையில் நின்ற குறிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இதையும் எழுத எழுத. எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், படித்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம்.

பீர்முகமதின் வண்டி வந்தது. எனக்குப் பதில் பாப்பாவை எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள் அம்மா. பாப்பா பழைய பெட்டிக்குள் போய்விட்டது. போகும்முன் புளூடூத்தில் ஒரு வரி அனுப்பியது: "அம்மாவப் பாத்துக்கங்கண்ணே." அண்ணன் என்றுதான் கடைசி வரை சொன்னது.

கப்பலிலிருந்து செண்பகத்தின் பதிவு வந்துகொண்டிருக்கிறது. நேற்றுச் சொல்ல முடியாததை முழுதாகப் பேசிப் பதிந்து அனுப்பியிருக்கிறாள். மிக மெல்லிய ஒலி, நிதானமாக இறங்குகிறது. பாதி வந்தாயிற்று. கப்பல் ஒரே முறைதான் அனுப்பும். நடுவில் அறுந்தால் மீதி வராது.

அம்மாவுக்குத் தெரியாது. முழுதும் இறங்கியதும் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருக்கிறேன்.

அவள் பூஜை அறையிலிருந்து வருகிறாள். கையில் கிண்ணம். "நேத்து உன்னைய மறந்துட்டேன்டா, கோவிச்சுக்காத" என்கிறாள். புதிதாக அரைத்த சந்தனம், சொட்டச் சொட்ட. வேறு யாருக்கும் இல்லை. எனக்கு மட்டும்.

பாதிக்கு மேல் வந்தாயிற்று. நில் என்று சொல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. கொஞ்சம் பொறு என்றால் பொறுப்பாள்.

கட்டைவிரல் கிட்டே வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி, சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டு