அரை மணி நேரத்துக்கு ஒரு மடி

நைனா,

இன்று காலை குழந்தைத் தள்ளுவண்டியில் பாப்பாவை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. எனக்கு உன் துண்டு ஞாபகம் வந்தது. பெட்ரோலும் வியர்வையும் ஊறிய துண்டு.

எனக்கு பெல்ட் ஏது? என் இடுப்பில் அந்தத் துண்டை ஒரு சுற்று, உன் ஷேர் ஆட்டோ கம்பியில் ஒரு முடிச்சு. அம்மா பட்டுக்கடை வேலைக்குக் கிளம்பியதும் உன் பக்கத்தில் என்னைக் கட்டிவிடுவாய். பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளையார்பாளையம். பள்ளிக்கூடம் சேரும்வரை அப்படித்தான் வளர்ந்தேன். முன்சீட்டுக்கும் ஆள் ஏறினால் முடிச்சை அவிழ்த்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைப் பின்னால் நீட்டுவாய்.

“இந்தாம்மா, கொஞ்சம் புடிச்சிக்கோ.”

“இன்னா அண்ணே, காசும் குடுத்து உம் பொண்ணையும் நாங்களே வளக்கணுமா?” என்பார் பூக்கூடைக்கார அம்மா.

“வளத்துட்டுப் போயேன். உன் வூட்டுக்கா கூட்டினு போவச் சொன்னேன்?”

கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு என்னை வாங்கிக்கொள்வார். மல்லி வாசனை மடி. சில நாள் மீன் வாசனை மடி.

“ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட குடுக்கிறியே” என்று அம்மா கத்தினாள். நீ அசரவில்லை. “கேக்கறதுல இன்னா வெக்கம்? முடியாதுன்னா அவங்க சொல்லிக்கினு போறாங்க.”

இங்கே இங்கிலாந்தில் கேட்க ஆளில்லை, நைனா. அடுத்த தெரு முதியோர் இல்லத்தில் எனக்கு ஏழு மணிக்கு வேலை. கிடங்கில் இரவு வேலை முடிந்து உன் மருமகன் வீடு சேர ஏழரை. குழந்தைகள் காப்பகம் திறப்பது எட்டுக்கு. அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு மடி கிடைக்காமல் தினமும் தாமதமாகப் போகிறேன்.

போன வாரம் பாப்பாவுக்கு ஊசி போட பஸ்ஸில் போனேன். தள்ளுவண்டியை மடக்க இரண்டு கையும் வேண்டும். யோசிக்காமல், உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் பாப்பாவை வைத்துவிட்டேன். நம்மூர் பழக்கம். அந்தப் பெண் போலீஸைப் பார்த்தவள் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஸாரி சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

நான் காலேஜை விட்டபோது, “படிப்பு போனா போவுது, வாயாவது இருக்குதே” என்றாய். அந்த வாயும் அந்த பஸ்ஸோடு போனது என்று நினைத்தேன்.

நீ கண்ணை மூடிய அன்று லீவு, டிக்கெட், பாப்பாவின் பாஸ்போர்ட், எதுவும் கூடிவரவில்லை. போனில்தான் பார்த்தேன். வாசலில் பந்தல் போட, யாரோ உன் ஆட்டோவை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று மேலாளர் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமையிலிருந்து ஏழு மணிக்கு வா, இல்லையென்றால் வராதே.

அதனால்தான் இன்று காலை கீழ்வீட்டு மணியை அடித்தேன். குட்மார்னிங் தவிர அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் திறந்தார், தலையில் ஈரத் துண்டோடு. பெல்ட்டைக் கழற்றி, திங்கட்கிழமையிலிருந்து காலையில் அரை மணி நேரம் என்று சொல்லவந்ததை முடிக்கும் முன்பே பாப்பாவை நீட்டிவிட்டேன். உன் கைதான் அது.

அவர் கைகளைத் தூக்கவில்லை. “அழுவாளா?” என்று கேட்டார்.

“அழுவாள்” என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். “திங்கட்கிழமை மட்டும். பிறகு பார்க்கலாம்.”

ஒரே ஒரு நாள், நைனா. செவ்வாய்க்கு மறுபடியும் கேட்க வேண்டும். கேட்பேன். முடியாதுன்னா அவங்க சொல்லிக்கினு போறாங்க.