பெயிண்டுக்கு அடியில் இருந்த எர்த்

போன செவ்வாய்க்கிழமை மூக்கண்டப்பள்ளி திருப்பத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம் சிவப்பு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். மழை நாளில் அதை வெளியே எடுப்பதை விட்டு வருஷங்கள் ஆகின்றன. வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பி ஏமாந்தேன். வைப்பர் சுவிட்சைப் போட்டேன். இரண்டு முறை ஒழுங்காகப் போய் வந்தது. மூன்றாவது முறை கண்ணாடியின் நடுவில் குச்சி மாதிரி நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி, மழை விடும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அப்போதே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இந்த வண்டியைக் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் பின்பக்கம், காலி டிரம்களுக்கு நடுவில் நாம் கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். டயர் இல்லை, பாதி தரை துருப்பிடித்து ஓட்டை. "மச்சான், இது ஓடும்டா" என்றாய் நீ, ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே. நம் ஃபேக்டரியில் நான் பெயிண்ட் ஷாப்காரன், நீ மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். உடம்பு எனக்கு, நரம்பு உனக்கு என்று வண்டியைப் பிரித்துக்கொண்டோம். வார விடுமுறை எல்லாம் என் வீட்டு ஷெட்டில்தான் போயிற்று. நம் வீட்டுப் பெண்கள் இருவரும் சேர்ந்து திட்டினார்கள்.

நான் அடித்த சிவப்பு அப்படி ஒரு சிவப்பு. குனிந்தால் முகம் தெரியும். அதற்குப் பிறகுதான் நீ வயரிங்கை முடித்தாய். எல்லாம் வேலை செய்தது, வைப்பர் மட்டும் முரண்டு பிடித்தது. சில நாள் ஓடும், சில நாள் பாதியில் நிற்கும். சுவிட்சை மாற்றினாய், மோட்டாரைப் பிரித்து கார்பன் மாற்றினாய். கடைசியில், "எர்த்து சரியா கெடைக்கலடா, கரண்டு பாடி வழியாத் திரும்பிப் போகணும்ல. மோட்டார் உக்கார்ற எடத்துல கொஞ்சூண்டு பெயிண்ட சொரண்டிக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் துள்ளிக் குதித்தேன். "என் பெயிண்ட்ல கை வைக்காத" என்றேன். தனியாக ஒரு எர்த் வயர் ஓட்டுகிறேன் என்றாய். பானெட்டைத் திறந்தால் வயர் தொங்குவது அசிங்கம் என்று அதையும் தடுத்தேன். நீ சிரித்துவிட்டு, பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கினாய். அதோடு வைப்பர் கொஞ்ச நாள் ஓடியது. நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு நம் ஷாப் ஆள் ஒருவனின் கல்யாணம் வந்தது. கிருஷ்ணகிரியில் சாப்பிட்டுவிட்டு நாம் இருவரும் இந்த வண்டியில் திரும்பினோம். நம் ஷிஃப்ட் ஆட்கள் வேனில் பின்னால் வந்தார்கள். சூளகிரி தாண்டியதும் மழை கொட்டியது, வைப்பர் நின்றது. முன்னால் போன லாரியின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பிரேக் அடித்து எப்படியோ ஓரம் கட்டினேன். வேன் நின்று பத்துப் பேர் இறங்கி ஓடிவந்தார்கள். அந்தப் பயத்தையெல்லாம் உன் மேல் கொட்டினேன். "வயரிங் தெரியாதவன் எதுக்குடா கைய வச்ச? சாவடிக்கப் பாத்தியா?"

நீ எல்லோரையும் ஒருமுறை பார்த்தாய். வாயைத் திறந்தாய். பிறகு, "சாலுரா" என்று மட்டும் சொன்னாய். போதும்டா என்பதற்கு உன் வீட்டுத் தெலுங்கு. வேனில் ஏறிப் போய்விட்டாய்.

மறுநாள் கேன்டீனில் எவனோ உன்னை "வைப்பர் மாஸ்டர்" என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. எத்தனை மெஷினை எழுப்பி நிறுத்தியவன் நீ! லைன் நின்றால் மேனேஜரே உன்னைத்தான் தேடுவார். ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நீ வைப்பர் மாஸ்டர்தான். நீ கெலமங்கலத்துக்கு வீடு மாறினாய். நாம் பேசிக்கொள்ளவில்லை. போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போனபோது, நம் ஷாப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி இதுதான்: "நம்ம வைப்பர் மாஸ்டர் தவறிட்டார்." உன் பெயரைக்கூட எழுதவில்லை. நான் மாலையோடு வந்தேன், கூட்டத்தின் பின்னால் நின்றேன், திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்தேன். நீ விட்டுப்போன டெஸ்ட் லேம்ப், இரண்டு வயர் கட்டிய அந்தப் பல்பு, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீ செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வரும். ஒரு முனையை மோட்டாருக்கு வரும் வயரில் வைத்து, மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் பிடித்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது. "வர்ற வழிய எல்லாரும் பாப்பாங்க, போற வழிய எவனும் பாக்கமாட்டான்" என்று சொல்வாயே. அந்த மறுமுனையை எடுத்து மோட்டாரின் உடம்பில் வைத்தேன். பல்பு எரியவில்லை. போகும் வழி அடைபட்டிருந்தது. ஒரு துண்டு வயரால் மோட்டாரின் உடம்பையும் பேட்டரி நெகட்டிவையும் இணைத்தேன். வைப்பர் படபடவென்று அடித்துக்கொண்டது.

மோட்டாரைக் கழற்றினேன். அடியில் என் சிவப்பு, கண்ணாடி மாதிரி. உன் வாஷர் கடித்த இடத்தில் நாலு கீறல், அதிலும் துரு. ஃபேக்டரியில் எர்த் வயர் மாட்டும் ஒவ்வொரு இடத்திலும் டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்போம். இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலை அது. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்த வண்டியில் மட்டும் டேப் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒரு புள்ளிகூட வெறும் தகரம் தெரியக்கூடாது என்ற திமிர். உப்புத்தாளை எடுத்து நானே தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கெலமங்கலம் போனேன். உன் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "தப்பு என்னோடதும்மா. அவன் வயரிங்ல ஒண்ணுமில்ல, என் பெயிண்ட்டுதான்" என்றேன்.

"அவருக்குத் தெரியும்ணா," என்றாள். "அன்னிக்கு நனைஞ்சு வந்து நின்னவரு, பெயிண்ட்டுலதான் நிக்குது, வேற ஒண்ணுமில்லன்னாரு."

"அப்பறம் ஏம்மா அத்தன பேரு முன்னாடி சொல்லல?"

"நானும் அதத்தாண்ணா கேட்டேன். 'அந்த வண்டியப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப அவன் மூஞ்சிய நீ பாத்ததில்ல, எப்படிச் சொல்றது'ன்னாரு."

மன்னித்துவிடு என்றேன். "எங்கிட்ட கேட்டு என்னண்ணா ஆகப்போவுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்து குரூப்பில் எழுதினேன். சூளகிரியில் வைப்பர் நின்றது என் தப்பால் என்று, எர்த், பெயிண்ட் எல்லாம் விளக்கி, உன் முழுப்பெயரைப் போட்டு எழுதினேன். சிலர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒருவன், "யாருண்ணா இது?" என்று கேட்டிருந்தான்.

காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன் நிற்கிறேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் காப்பாற்றிய மூஞ்சி இதுதான். இதை வைத்துக்கொண்டுதான் மீதி நாளையும் நான் நடமாட வேண்டும்.