காற்று சுத்தம் என்றாய்

நேற்று உன் மனைவி வந்திருந்தாள். நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து இப்போதுதான் வெளியே வருகிறாளாம். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்ததை என் முன்னால் வைத்தாள். நம் கம்ப்ரசரில் மாட்டியிருந்த ஃபில்டர் கிண்ணம். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"அந்த ஜீப்புக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கு மொத நாளே ஒடைஞ்சிபோச்சாம்ணா. ஃபில்டர கழட்டிட்டு காத்து டியூப நேரா மாட்டிட்டாராம். சாவறதுக்கு முன்ன சொன்னாரு" என்றாள்.

ஒடுகத்தூரில் எண்பதுகளில் நாம் போட்ட வண்டி பெயிண்ட் கொட்டகையில் ஸ்ப்ரே கன் என் கையில், கம்ப்ரசர் உன் பொறுப்பில். அந்த கன் காற்றைக் குடம் குடமாகக் குடிக்கும். காற்றை அடைத்துத் தரும் கம்ப்ரசருக்கோ சின்ன டேங்க். ஒரு கதவு அடித்ததும் நிறுத்தி, டேங்க் நிரம்பக் காத்திருப்போம். அதற்குள் காற்றிலிருந்து பிரிந்து ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை நீ வடித்துவிட வேண்டும். காற்றோடு தண்ணீர் வந்தால் பெயிண்ட் கெட்டுவிடும். நான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நிற்பேன். "காத்து சுத்தம், அடி!" என்று நீ குரல் கொடுத்தால்தான் என் விரல் அசையும்.

மலைக்காரர் ஒருவர் தன் முதல் ஜீப்பைக் கொண்டுவந்தார். படவேட்டு அம்மன் கோயிலில் பூஜை போட நாள் குறித்துவிட்டதால் தூறலிலும் அடித்தோம். அன்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நீ குரல் கொடுத்தாய். மறுநாள் பானெட் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம்.

"இன்னாப்பா இது? சாமி முன்னால இத எப்டி நிறுத்துவேன்?" என்றார் அவர்.

நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "தின்னர் கலக்கறதுல இவன் கை தப்பிடுச்சுங்க."

அவர் திட்டவில்லை. என் கையைப் பார்த்தார், அவ்வளவுதான். சாயங்காலம் டீக்கடையில் என் தோளில் கைபோட்டு, "வுட்றா, யாருக்கும் ஆவறதுதான்" என்று ஆறுதல் வேறு சொன்னாய். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

உடைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திருப்பத்தூர் போய் வேறு வாங்கி வந்திருப்போம். நீ அதை மறைத்து என் கைமேல் பழியைப் போட்டாய். நான் அதன்பின் கன்னைத் தொடவே இல்லை. பிரஷ்ஷோடு ஜன்னல் கதவுகளுக்குப் போய்விட்டேன். இன்றும் பெயிண்ட் கலக்க உட்கார்ந்தால் மூன்று முறை அளக்கிறேன், அப்போதும் என் கைமேல் எனக்குச் சந்தேகம். துரோகம் என்றுதான் இதைச் சொல்வேன். என் கை தப்பியது என்று வேறு எவன் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பேன். சொன்னது நீ என்பதால் நம்பிவிட்டேன்.