பத்தாயத்துக்குப் போன புத்தகங்கள்

பூதலூர்,
செவ்வாய்க்கிழமை

ஆராய்ச்சியில் இருக்கும் என்னவருக்கு,

படைப்பைப் பற்றி நீங்கள் பெங்களூரிலிருந்து எழுதி அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தைப் படித்தேன். கடவுள் தம்மைச் சுருக்கிக்கொண்டு, தாம் அல்லாத ஒன்றுக்கு இடம் விட்டதே படைப்பு என்கிறார்களாம் இக்கால இறையியலாளர்கள் சிலர். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம் வீட்டில் சுருங்க வேண்டியவை உங்கள் புத்தகங்கள்.

அவற்றைக் காலியாகக் கிடந்த நெல் பத்தாயத்துக்கு மாற்றிவிட்டேன். கைகொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சாவித்திரிதான் பயந்துபோனாள்.

"பாஸ்டரம்மா, ஐயா வந்து கத்தப்போறாங்க!"

"அவங்க எழுதினதைத்தானே செய்யிறேன்?"

புத்தகங்கள் இருந்த சுவரோரம் ஒரு சின்னக் கட்டில் போட்டாயிற்று. அதில் படுக்கப்போகிறவளுக்கு இரண்டு வயதாம். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறாளாம். தத்துக் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை நம் இருவரையும் தஞ்சாவூருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் கையெழுத்து மட்டும் போதாதாம்.

"நாம படைக்காத பிள்ளை எப்படி நம்ம பிள்ளையாகும்?" என்று போன மாதம் கேட்டீர்கள். பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அடிக்குறிப்போடு.

வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். சம்பா அறுத்ததும் பத்தாயம் நெல்லுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் படைக்காத
உங்கள் மனைவி