நல்ல சுவரை இடித்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தம்பி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், வாய்தான் குறையவில்லை. போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து நம் சபைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட வேலை செய்ய வருகிற அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை உனக்குத் தெரியும். பதினாலு வருஷ உறவு. முதல் தடவை வந்தபோது புயலில் கூரை போய்க் கிடந்த இரண்டு வகுப்பறைகளை என்னோடு நின்று நிஜமாகவே கட்டினார்கள், கை கொப்பளித்தும் கரணையைக் கீழே வைக்கவில்லை, அதை நான் எந்நாளும் மறக்க மாட்டேன். ஆனால் கட்ட வேண்டியதெல்லாம் கட்டி முடித்து ஐந்து வருஷம் ஆயிற்று. அப்புறம் வந்ததெல்லாம் போன வருஷம் அடித்த பெயிண்டின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டுப் போனதுதான். இந்த வருஷம் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இத்தனை பேர் வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போனா உறவே அறுந்துடும், சாப்பாட்டுக் கூடத்துப் பின்சுவர இடிச்சிடுங்க, அவங்க கட்டட்டும்" என்றார். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் எழுப்பிய சுவர் அது, ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. நல்ல சுவராச்சே என்றேன். "ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்றேன்" என்றார்.

இடித்தேன், கண்ணு. இடித்தவன் உன் அப்பாதான். சம்மட்டியால் போட்டுப் பார்த்தால் முதல் நாள் முழுக்கச் சுவர் அசைந்து கொடுக்கவில்லை, கல்லைக் கலவை அப்படிப் பிடித்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அம்மா தட்டை வைத்துவிட்டு, "நல்லா இருக்கிற சுவர இடிக்கிறதுக்கா நீங்க ஞானஸ்நானம் வாங்கினீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அவர்கள் வந்து சேர்கிற வரைக்கும் மூன்று வாரம் பள்ளிப் பிள்ளைகள் கூடத்துக்குள் உட்கார முடியாமல் வெயிலில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

வந்தவர்களில் நெட்டையாக ஒரு பெண், உன் வயதுகூட இருக்காது. இடிபாட்டுக் குவியலில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவ்வளவு பலமான சுவர் எப்படி விழுந்தது என்று கணக்கு டீச்சரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். மழையில் விழுந்தது என்றார் பாஸ்டர், கூசாமல். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் தாங்க முடியவில்லை, டீச்சரிடம் சொன்னேன், "மழையும் இல்ல இடியும் இல்ல, உங்களுக்கு வேலை வேணும்னு நான்தான் இடிச்சேன், அப்படியே சொல்லும்மா" என்று. கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் செத்துப் போயிற்று. நேரே போய் அவர்களைக் கூட்டி வந்த பேராசிரியரிடம் சொன்னாள். அவர் அதிரவே இல்லை! வந்து என் தோளில் கை போட்டு, இதெல்லாம் நடப்பதுதான், சுவர் முக்கியமில்லை, நமக்குள் இருக்கிற உறவுதான் முக்கியம் என்கிறார் என்று டீச்சர் சொன்னாள். உறவுதான் முக்கியம் என்றால் சுவரை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கலாமே!

அந்தப் பெண் மட்டும் மறுநாள் காலையில் என்னிடம் வந்து, நிஜமாக என்ன வேலை இருக்கிறது என்று கேட்டாள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். குழாய் அடைத்து நாலு மாதம், நாற்றம் தாங்காமல் பெரிய பிள்ளைகள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், கமிட்டியில் எத்தனை தடவை சொன்னாலும் காதில் விழவில்லை, அது போட்டோவில் அழகாக இருக்காது பார். அவளும் இன்னும் இரண்டு பேரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு என்னோடு இரண்டு நாள் தோண்டிப் புதுக் குழாய் பதித்தார்கள். ஒருத்தி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், வாயைக் கழுவிவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினாள். மற்றவர்கள் கட்டிய சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது, சாயாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், லீவில் நானே பிரித்துக் கட்ட வேண்டும். பாஸ்டர் என்னைக் கட்டிடக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார். போகட்டும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், அந்தக் கல்லூரியில் பதினைந்தாம் வருஷ விழாவாம், நீ அதே நாட்டில் பக்கத்து ஊரில் வேலை பார்ப்பதால் சபை சார்பில் நன்றி சொல்ல உன்னைக் கூப்பிடப் போகிறார்கள். பாஸ்டர் உன் நம்பரைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் எனக்குச் சொன்னார். போகாதே என்று சொல்ல மாட்டேன். போ, அந்தக் குழாய்க்காக மனதார நன்றி சொல். அந்தப் பெண் அங்கே இருந்தால் கையைப் பிடித்துப் பேசு. ஆனால் புதுச் சுவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிடாதே, கண்ணு.

இரட்டை ஷிப்ட் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், அம்மாவும் நானும் தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, சுவரைப் பற்றி மேடையில் யாராவது பெருமையாகப் பேசினால், அங்கே இருந்த நல்ல சுவரை இடித்தது என் அப்பா என்று எழுந்து சொல். நீ வெட்கப்பட வேண்டாம், வெட்கம் என்னுடையது.

இப்படிக்கு
உன் அப்பா